பேசும்போது வர்ற சிரிப்பு ரெக்கார்டிங்ல எங்க போகுது?

கேள்வி: அண்ணா, நானும் என் ஃப்ரெண்டும் வீட்டு மாடி ரூம்ல போன்லயே ஒரு காமெடி ஆடியோ ஷோ பண்றோம். பேசும்போது வயிறு வலிக்க சிரிக்கிறோம், திரும்ப போட்டு கேட்டா கெணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு, சிரிப்பும் வரல. நல்ல மைக் வாங்கினா சரியாகுமா?
– கல்லூரி மாணவர், விருதுநகர்

பதில்: மைக் இப்போதைக்கு வேணாம் தம்பி. அந்த கெணத்து சத்தம் ரூமால வர்றது, வெறும் சுவத்துலயும் தரையிலயும் உங்க குரல் பட்டு திரும்பி வந்து மறுபடி போனுக்குள்ள போகுது, அஞ்சாயிரம் ரூபா மைக் வெச்சாலும் அதையும் சேர்த்துதான் பிடிக்கும். அம்மா புடவை அடுக்கியிருக்குற பீரோவ திறந்து வெச்சு அதுக்கு முன்னாடி உக்காருங்க, முதுகுக்குப் பின்னாடி கொடியில ரெண்டு போர்வை, கீழ ஒரு பாய். ஃபேன் ஆஃப். வேர்க்கும்தான், பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா எந்திரிச்சு போட்டுக்கங்க. போன் வாய்க்கு ஒரு சாண் தூரத்துல, கொஞ்சம் பக்கவாட்டுல இருக்கட்டும், நேரா வெச்சா "பாட்டி", "பப்படம்"னு சொல்றப்போ எல்லாம் காத்து டப்பு டப்புன்னு அடிக்கும்.

ரெண்டு போன் இருந்தா ஆளுக்கு ஒண்ணுல தனித்தனியா பதிவு பண்ணுங்க, ஆரம்பத்துல பளிச்சுன்னு ஒரு கைதட்டு, எடிட் பண்றப்போ ஸ்கிரீன்ல தெரியுற சத்தக் கோட்டுல அந்த தட்டல் ரெண்டு ஃபைல்லயும் கூரா நிக்கும், அதை நேருக்கு நேர் வெச்சா பேச்சு பொருந்திடும். 2000ல இருந்து ஃப்ரீயா கிடைக்கிற ஆடாசிட்டி (Audacity)ங்கிற கம்ப்யூட்டர் ஆடியோ எடிட்டிங் சாஃப்ட்வேரே இதுக்கெல்லாம் போதும்.

சிரிப்பு விஷயம்தான் பெருசு. நேர்ல உங்க ஃப்ரெண்ட் கண்ண உருட்டுறது, கைய ஆட்டுறது எல்லாம் சேர்ந்துதான் உங்கள சிரிக்க வைக்குது, கேக்குறவங்களுக்கு இருக்குறது காது மட்டும்தான். நானும் என் கூட்டாளியும் ஸ்கூல் லீவுல டேப் ரெக்கார்டர்ல ரெக்கார்டு பட்டனையும் பிளே பட்டனையும் ஒண்ணா அமுக்கி ஒரு டீக்கடை சண்டை நாடகம் போட்டோம். கடைக்காரர் கோவத்துல கிளாஸ ஓங்குவார், நாங்க உருண்டு சிரிச்சோம், கேட்ட என் தங்கச்சி "ஏன் திடீர்னு சும்மா இருக்கீங்க?"ன்னு கேட்டா. அடுத்த வாட்டி எவர்சில்வர் டம்ளர்ல ஸ்பூன கலக்கிக்கிட்டே இருந்து டக்குனு நிறுத்தினோம், "அண்ணே... அண்ணே கிளாஸ கீழ வைங்கண்ணே"ன்னு ஒரே ஒரு வரி சேர்த்தோம். அவ சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல இருக்கு. முறத்துல பச்சப்பயறு உருட்டினா மழை, கொட்டாங்கச்சி ரெண்டு தட்டினா குதிரை, பிளாஸ்டிக் கவர கசக்கினா நெருப்பு, சமையல்கட்டுலயே அத்தனையும் இருக்கு.

இன்னொண்ணு, ஜோக் சொல்றவர் முந்திக்கிட்டு சிரிச்சிடக் கூடாது. தென்கச்சி கோ. சுவாமிநாதன் ரேடியோல கதை சொல்லி முடிக்கிறப்போ ஜோக் வரும், குரல் அப்பவும் அதே நிதானத்துல இருக்கும், சிரிப்ப நம்மகிட்ட விட்டுட்டு போயிடுவார். ஆனா பக்கத்துல இருக்குற ஃப்ரெண்ட் அடக்க முடியாம சிரிச்சிட்டா அத வெட்டாதீங்க, எழுதி வெச்சு வாசிச்சா அது வராது.

இருபது நிமிஷம் பேசினத எட்டு நிமிஷமாக்குங்க. அப்புறம் அம்மா சமைக்கிறப்போ பக்கத்துல ஓடவிட்டு பாருங்க, எந்த இடத்துல "என்னடா சொன்னான்?"னு கேக்குறாங்களோ அந்த இடத்த மட்டும் திரும்ப பேசி சேர்த்துக்கங்க.