மண்டலம் முடிந்தபின் என்ன சொல்வீர்கள்?

கேள்வி: கடலூரிலிருந்து தினமும் புதுச்சேரிக்கு வேலைக்குப் போய்வருகிறேன். சம்பள நாளில் அலுவலக நண்பர்கள் பாருக்கு அழைக்கிறார்கள். எனக்குக் குடிப்பழக்கம் இல்லை. போகாவிட்டால் ஒதுக்குகிறார்கள், போனால் கேலி. முன்பு வயிற்றுப்புண் என்றேன். இந்த மாதம் சபரிமலைக்கு மாலை போட்டிருப்பதாகச் சொல்லித் தப்பினேன். இனி என்ன செய்வது?

- பெயர் வேண்டாம், கடலூர்.

பதில்: ஐயப்பனை எதற்கு பாருக்கு இழுத்து வருகிறீர்கள்? கழுத்தில் மணியைக் காணோமே என்று ஒருவர்கூடக் கேட்கவில்லையா! விரதம் ஒரு மண்டலம்தான். அது முடிந்த மறுநாள் உங்களுக்கென்றே மேசை பிடித்து வைத்திருப்பார்கள். வயிற்றுப்புண்ணும் உதவாது. 'பீர் வயிற்றுக்குக் குளிர்ச்சி' என்று வைத்தியம் சொல்பவர் எல்லா மேசையிலும் ஒருவர் உண்டு. காரணம் சொன்னால் பேரம் தொடங்கிவிடும். "எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு மீன் வறுவல் தட்டை உங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளுங்கள். உபதேசம் மட்டும் செய்யாதீர்கள். ஒரே கதையை மூன்றாம் முறை கேட்க நேரும்போது எழுந்துவிடலாம்.

'பாண்டிக்கு வந்தும் குடிக்காமலா?' என்பார்கள். 1948இல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தபோது புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. பாண்டி என்றாலே குடி என்பது, எல்லை தாண்டிக் குடிக்கப் போன நம் ஊர்க்காரர்கள் கட்டிவிட்ட பெயர். அங்கேயே பிறந்து சொட்டுக்கூடத் தொடாதவர்கள் எத்தனையோ பேர். அவர்களிடம் போய்க் கேட்கச் சொல்லுங்கள்.

பில் வரும்போது கூச்சம் வேண்டாம். சோடா குடித்தவர் பிராந்திக்குப் பங்கு தர வேண்டியதில்லை.

இவ்வளவு கேலி செய்துவிட்டும் உங்களை விடாமல் அழைக்கிறார்கள் என்றால், கார் ஓட்ட ஆள் தேவைப்படுகிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். 100 மில்லி ரத்தத்தில் ஆல்கஹால் 30 மில்லிகிராமைத் தாண்டினால், முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கும். ஆகவே நீங்கள் ஓட்டுவது எல்லோருக்கும் நல்லது. ஆனால் கிளம்புமுன் டிக்கியைத் திறந்து பாருங்கள். புதுச்சேரி பாட்டில்களோடு முள்ளோடை எல்லையைத் தாண்டித் தமிழகப் போலீஸிடம் சிக்கினால் மதுக்கடத்தல் வழக்கு, வண்டியும் பறிமுதல். பின்சீட்டில் நண்பர்கள் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் நீங்கள். மாலை போட்டிருக்கிறேன் என்று அந்த ஆய்வாளரிடம் சொல்லிப் பாருங்களேன்.