டெசிலு: நெகட்டிவை விற்று மதில்களை வாங்கிய நிறுவனம்

கேள்வி: அமெரிக்கத் தொலைக்காட்சியின் தொடக்க காலத்தில் பெரும் புகழோடு இருந்த டெசிலு என்ற சுயாதீனத் தயாரிப்பு நிறுவனம், 17 ஆண்டுகளிலேயே இன்னொரு நிறுவனத்துக்குள் ஏன் கரைந்துபோனது?

சின்னத்திரைத் தொடர்களுக்குப் படத்தொகுப்பு செய்வது என் தொழில். அதனால் இந்த நிறுவனத்தின் வரலாற்றை அதைத் தொடங்கிய நட்சத்திரத் தம்பதி டெசி அர்னாஸ், லூசில் பால் ஆகியோரின் காதல் கதையாகவோ மணமுறிவுக் கதையாகவோ நான் படிக்கவில்லை. நெகட்டிவ், அதாவது நகல்கள் எடுக்க உதவும் மூலப் படச்சுருள், எந்தக் காலத்தில் யார் கையில் இருந்தது என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டுதான் படித்தேன். படம் ஓடி முடிந்து எத்தனை ஆண்டுகள் ஆனாலும் 'நெகட்டிவ் உரிமை யாரிடம் இருக்கிறது' என்று விசாரிக்கும் வழக்கம் கோடம்பாக்கத்தில் இன்றும் உண்டு. டெசிலு எழுந்ததும் தளர்ந்ததும் அந்த ஒரு விசாரணைக்குள் அடங்கிவிடும் என்பது என் எண்ணம்.

டெசி அர்னாஸ் கியூபாவின் சான்டியாகோ நகரில் 1917இல் பிறந்தவர். அந்த நகரின் மேயராக இருந்தவரின் மகன். 1933ஆம் ஆண்டுப் புரட்சியில் குடும்பம் சொத்தையெல்லாம் இழந்தபின் மயாமிக்கு வந்து, கிடைத்த வேலைகளைச் செய்து, கொங்கா மேளத்தின் துணையால் இசைக்குழுத் தலைவராக உயர்ந்தார். லூசில் பால் ஆர்.கே.ஓ. ஸ்டுடியோவில் ஒப்பந்த நடிகையாக இருந்தவர். 1940இல் அதே ஸ்டுடியோவின் ஒரு படத்தில் இருவரும் சந்தித்து, அந்த ஆண்டு முடிவதற்குள் மணம் செய்துகொண்டனர். இருவர் பெயரையும் ஒட்டித் தங்கள் பண்ணை வீட்டுக்கு வைத்த பெயர்தான் பிறகு நிறுவனத்தின் பெயரானது.

நிறுவனம் தோன்றிய காரணம் சற்று விசித்திரமானது. லூசில் பால் நடித்துவந்த வானொலி நகைச்சுவைத் தொடரைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுபோக சி.பி.எஸ். என்ற ஒளிபரப்பு நிறுவனம் விரும்பியபோது, கணவனாகத் தன் சொந்தக் கணவரே நடிக்க வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றார். கியூபா உச்சரிப்போடு பேசும் ஒருவரை அமெரிக்கப் பெண்ணின் கணவராக மக்கள் ஏற்கமாட்டார்கள் என்று அதிகாரிகள் தயங்கினார்கள். நிஜ வாழ்க்கையில் அந்த இருவரும் பத்து ஆண்டுகளாகக் கணவன் மனைவியாக வாழ்ந்துகொண்டிருந்தார்கள் என்பதை நினைத்தால் சிரிப்புதான் வருகிறது. மக்கள் ஏற்பார்களா என்பதை மக்களிடமே கேட்டுவிடுவோம் என்று, 1950இல் இருவரும் ஒரு மேடை நிகழ்ச்சியைத் தயாரித்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அந்தப் பயணத்துக்காகத் தொடங்கியதே டெசிலு.

நிகழ்ச்சி வெற்றி பெற்றது. 'ஐ லவ் லூசி' என்ற அந்தத் தொடருக்கும் இசைவு கிடைத்தது. அதோடு அடுத்த சிக்கல் வந்தது. அக்காலத்தில் பெரிய நிகழ்ச்சிகள் நியூயார்க்கிலிருந்து நேரடியாக ஒளிபரப்பாகின. தொலைக்காட்சிப் பெட்டிகளில் பெரும்பகுதி கிழக்குப் பகுதியிலேயே இருந்தது. மேற்குக் கரைக்கு அனுப்ப வேண்டுமானால் திரையில் ஓடுவதை அப்படியே இன்னொரு கேமராவால் படம்பிடித்து, கினெஸ்கோப் என்ற மங்கலான நகலாக அனுப்புவார்கள். இருவரும் ஹாலிவுட்டை விட்டு நகர மறுத்தார்கள். மங்கலான நகலைக் கிழக்குப் பகுதிக்குக் காட்டப் புகையிலை விளம்பரதாரர் மறுத்தார். அப்படியானால் 35 மி.மீ. படச்சுருளிலேயே எடுத்துவிடலாம், நாடு முழுவதும் ஒரே தெளிவோடு தெரியும் என்றார் அர்னாஸ். செலவு கூடும் என்ற மறுப்பு வந்தது. தங்கள் சம்பளத்தில் வாரத்துக்கு 1,000 டாலரைக் குறைத்துக்கொள்வதாகவும், அதற்கு ஈடாகப் படச்சுருளின் உரிமை முழுவதும் டெசிலுவுக்கே வர வேண்டும் என்றும் பேசி முடித்ததாக அர்னாஸ் பின்னாளில் சொன்னார். ஒருமுறை ஒளிபரப்பானதும் காற்றில் கரைந்துவிடும் சரக்குக்கு உரிமை எதற்கு என்று நினைத்தோ என்னவோ, எதிர்த்தரப்பும் தலையசைத்தது. தொலைக்காட்சி வரலாற்றில் இதைவிட மலிவாக யாரும் இவ்வளவு பெரிய சொத்தை விட்டுக்கொடுத்ததாக எனக்குத் தெரியவில்லை.

படச்சுருளில் எடுப்பது என்று முடிவு செய்வது எளிது, எடுப்பது எளிதன்று. லூசில் பாலின் நகைச்சுவைக்கு எதிரில் உட்கார்ந்து சிரிக்கும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். சினிமா முறையில் ஷாட் ஷாட்டாக வெட்டி எடுத்தால் அந்தச் சிரிப்பு செத்துவிடும். ஆகவே ஹாலிவுட்டில் ஜெனரல் சர்வீஸ் ஸ்டுடியோவின் ஒரு தளத்தை மாற்றியமைத்து, ஏறத்தாழ 300 பேர் உட்காரும் படிவரிசை இருக்கைகள் போட்டு, நாடகம்போல் தொடக்கம் முதல் கடைசிவரை நடிக்க, மூன்று கேமராக்கள் ஒரே நேரத்தில் ஓடின. நடுவிலிருந்த கேமரா அரங்கு முழுவதையும் எடுக்கும். இருபுறமும் இருந்தவை முகங்களை நெருங்கி எடுக்கும். ஒரே காட்சிக்குப் பல கேமராக்களை வைக்கும் முயற்சிகள் அதற்கு முன்பும் நடந்திருக்கின்றன. ஆனால் பார்வையாளர்முன் ஒரு நகைச்சுவைத் தொடரை வாராவாரம் இப்படி எடுத்துத் தரக்கூடிய நிலையான முறையாக அதை ஆக்கியது டெசிலுதான்.

ஒளிப்பதிவுக்கு அவர்கள் அழைத்துவந்தவர் கார்ல் ஃப்ராயிண்ட். ஜெர்மனியின் மௌனப்பட காலத்திலேயே பெயர் பெற்று, பின்னர் ஆஸ்கரும் வாங்கிய மூத்தவர். சினிமாவில் ஒவ்வொரு கோணத்துக்கும் விளக்குகளை மாற்றி அமைப்பார்கள். மூன்று கோணங்கள் ஒரே நேரத்தில் ஓடும்போது அதற்கு வழியில்லை. விளக்குகளைத் தரையில் வைத்தால் கேமரா நகரவும் இடமிருக்காது, பார்வையாளருக்கும் மறைக்கும். ஆகவே அவர் விளக்குகளை மேலே தொங்கவிட்டு, அரங்கு முழுவதும் சமமாக ஒளி விழும்படி செய்தார். கறுப்பு வெள்ளையில் கண் கூசாமலிருக்க அரங்கச் சுவர்களைச் சாம்பல் நிறத்தின் பல சாயல்களில் பூசச் செய்தார். எடுத்து முடிந்ததும் என் போன்றவர்களின் பாடு தொடங்கும். மூன்று படச்சுருள்களையும் ஒலிச்சுருளையும் இணையாக ஓட்டிப் பார்ப்பதற்காக, மூவியோலா என்ற படத்தொகுப்பு இயந்திரம் ஒன்றில் மூன்று படத்தலைகளைப் பொருத்தினார்கள். அதைத் தொகுப்பாளர்கள் 'மூன்று தலைப் பூதம்' என்று அழைத்தார்கள். இன்று கணினித் திரையில் மூன்று சிறு கட்டங்களை அருகருகே வைத்து நான் சொடுக்கிச் சொடுக்கி ஷாட் மாற்றும்போதெல்லாம், அந்தப் பூதத்தின் பேரப்பிள்ளையோடுதான் வேலை செய்கிறேன் என்று தோன்றும்.

முதல் படப்பிடிப்பு 1951 செப்டம்பர் 8 அன்று நடந்தது. பார்வையாளர்களில் பெண்களுக்குப் பக்கத்தில் கழிப்பறை இல்லை என்று சுகாதார அதிகாரி அன்று மாலை நிகழ்ச்சியையே நிறுத்தப் பார்த்ததாகவும், லூசில் பால் தன் ஒப்பனை அறையிலிருந்த கழிப்பறையைத் திறந்துவிட்டதாகவும் அர்னாஸ் தன் நினைவுகளில் சொல்கிறார். அக்டோபர் 15 அன்று 'ஐ லவ் லூசி' ஒளிபரப்பைத் தொடங்கியது. 1953 ஜனவரி 19 அன்று தொடரில் லூசிக்குக் குழந்தை பிறந்த பகுதியைச் சுமார் 4.4 கோடி பேர் பார்த்தார்கள். அதே நாளில் லூசில் பாலுக்கும் நிஜத்தில் மகன் பிறந்தான். அடுத்த மாதமே புதுப்பிக்கப்பட்ட ஒப்பந்தத்தின் மதிப்பு 80 லட்சம் டாலர். என்னைப் பொறுத்தவரை அந்தப் பேறுகாலத்தின் உண்மையான விளைவு வேறு. நாயகியால் முழு எண்ணிக்கையில் நடிக்க முடியாததால் பழைய பகுதிகளை மீண்டும் ஒளிபரப்பினார்கள். மக்கள் சலிக்காமல் மீண்டும் பார்த்தார்கள். பெட்டிக்குள் இருந்த படச்சுருள் மறுபடியும் பணம் தரும் என்பது அன்று கண்கூடாகத் தெரிந்தது.

தெரிந்திருந்தும் விற்றார்கள் என்பதுதான் இந்த வரலாற்றின் முடிச்சு. ஆறு பருவங்களில் எடுத்த 180 பகுதிகளின் உரிமையை ஏறத்தாழ 50 லட்சம் டாலருக்கு சி.பி.எஸ். நிறுவனத்திடமே கொடுத்துவிட்டார்கள். அன்றைய நிலையில் அது பெருந்தொகை. பழைய நகைச்சுவைப் பகுதிகளை மூன்றாம் தலைமுறையும் பார்க்கும் என்று சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்கமாட்டார்கள் என்பதையும் நான் மறுக்கவில்லை. கையில் பணம் இருந்த நேரத்தில் ஆர்.கே.ஓ. விலைக்கு வந்தது. ஹோவர்ட் ஹியூஸ் என்ற கோடீஸ்வரரின் கையில் சீரழிந்து, ஜெனரல் டயர் என்ற டயர் கம்பெனியிடம் போயிருந்த அந்த ஸ்டுடியோவின் இடங்களை 61.5 லட்சம் டாலருக்கு டெசிலு பேசி வாங்கியது. லூசில் பால் ஒப்பந்த நடிகையாக வாயிலைக் கடந்துபோன அதே இடம் அவர்களுடையதானது. கோவர் தெருவிலும் கல்வர் சிட்டியிலும் கவெங்கா பகுதியிலுமாக 30க்கும் மேற்பட்ட படப்பிடிப்புத் தளங்கள். எண்ணிக்கையில் எம்.ஜி.எம். என்ற பெரிய ஸ்டுடியோவையே மிஞ்சிய அளவு. கல்வர் சிட்டியின் திறந்தவெளி அரங்கத்தை 'நாற்பது ஏக்கர்' என்று அழைத்தார்கள். அளந்தால் முப்பதுகூடத் தேறாது.

இங்கேதான் நிறுவனத்தின் குணம் மாறியது. நெகட்டிவ் தூங்கும்போதும் சம்பாதிக்கும். தளமோ காலியாக இருந்தாலும் மின்கட்டணம், காவலாளி, தச்சர், வரி என்று தின்றுகொண்டே இருக்கும். தளங்களை நிரப்புவதற்காகப் பிறர் தொடர்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். ஆண்டி கிரிஃபித், டிக் வான் டைக் ஆகிய நடிகர்களின் தொடர்களெல்லாம் டெசிலுவின் தளங்களில் எடுக்கப்பட்டவை, ஆனால் டெசிலுவுக்குச் சொந்தமானவை அல்ல. 1958இன் இறுதியில் நிறுவனத்தின் பங்குகள் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. அதன்பின் ஆண்டுக்கணக்கைப் பங்குதாரர்களுக்குச் சொல்ல வேண்டிய கட்டாயமும் சேர்ந்தது. 1959இல் தொடங்கிய 'தி அன்டச்சபிள்ஸ்' என்ற குற்றவியல் தொடர் நன்றாக ஓடியது. அதில் காட்டப்பட்ட தாதா அல் கபோனின் குடும்பம் தொடுத்த வழக்கும் கூடவே வந்தது. 1960இல் இருவரும் மணமுறிவு பெற்றார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து அர்னாஸின் பங்குகளை லூசில் பால் 25 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கித் தலைவரானார். ஹாலிவுட்டில் ஒரு பெரிய ஸ்டுடியோவின் தலைமையில் பெண் ஒருவர் அமர்ந்தது அதுவே முதன்முறை.

1964 வாக்கில் டெசிலுவின் சொந்தத் தொடர் என்று முதன்மை நேரத்தில் மிஞ்சியிருந்தது 'தி லூசி ஷோ' ஒன்றுதான். புதிய தொடர்களைத் தேட ஹெர்பர்ட் சோலோ என்பவர் வந்து சேர்ந்தார்; அவர் வழியாக ஜீன் ராடன்பெரியின் 'ஸ்டார் டிரெக்' என்ற விண்வெளித் தொடர் வந்தது. என்.பி.சி. என்ற ஒளிபரப்பு நிறுவனம் முதல் முன்னோட்டப் பகுதியை நிராகரித்தபின் இரண்டாவது ஒன்றை எடுக்கச் சொன்னது அபூர்வம். வாரந்தோறும் கைக்காசு கரையும் தொழில் இது என்று இயக்குநர் குழு எதிர்த்தபோது, லூசில் பால் எடுக்கலாம் என்று முடிவு செய்ததாக அங்கே பணிபுரிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். 1966 செப்டம்பர் 8 அன்று அது ஒளிபரப்பானது. 'ஐ லவ் லூசி'யின் முதல் படப்பிடிப்பு நடந்து அன்றோடு சரியாகப் பதினைந்து ஆண்டுகள். அதே மாதத்தில் 'மிஷன்: இம்பாசிபிள்' தொடரும் தொடங்கியது. ஒளிபரப்பு நிறுவனம் தரும் தொகை எடுக்கும் செலவை ஈடுகட்டாது. மீதியைத் தயாரிப்பாளர் கைக்காசாகப் போட்டு, மறு ஒளிபரப்பில் திரும்ப எடுக்க வேண்டும். அவ்வளவு காலம் காத்திருக்கப் பணம் வேண்டும். அந்தப் பணத்தைத் தந்திருக்கக்கூடிய 180 பகுதிகளோ சி.பி.எஸ். கிடங்கில் இருந்தன.

1967இல் பாரமவுண்ட் திரைப்பட ஸ்டுடியோவின் உரிமையாளரான கல்ஃப் அண்ட் வெஸ்டர்ன், டெசிலுவை 1.7 கோடி டாலர் மதிப்பில் வாங்கியது. இரண்டு ஸ்டுடியோக்களும் ஒட்டிய வீடுகள்போல் இருந்தவை. நடுவிலிருந்த மதிலை இடித்து ஒன்றாக்கினார்கள். டெசிலு என்ற பெயர் மறைந்து, பாரமவுண்டின் தொலைக்காட்சிப் பிரிவாயிற்று. சி.பி.எஸ். 2012இலும் 'ஐ லவ் லூசி' மூலம் ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர் ஈட்டிக்கொண்டிருந்ததாகச் செய்தி வந்தது. டாலரின் மதிப்பு அரை நூற்றாண்டில் வெகுவாகத் தேய்ந்துவிட்டது, நேராக ஒப்பிடக்கூடாது. இருந்தாலும் அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

லூசில் பால் அடுத்து என்ன செய்தார் என்பதைச் சொல்லாமல் முடித்தால் பதில் குறைப்பட்டுவிடும். 'தி லூசி ஷோ' 1967-68 பருவத்தில் அமெரிக்கா முழுவதிலும் இரண்டாம் இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அது இப்போது அவருடைய சொத்தன்று. டெசிலுவோடு சேர்ந்து அதுவும் கைமாறிவிட்டது. அந்த நிலையிலேயே அதை நிறுத்திவிட்டு, தன் பெயரில் புதிதாக ஒரு நிறுவனம் தொடங்கி, தன் பிள்ளைகளையும் நடிக்க வைத்து, 1968இல் 'ஹியர்ஸ் லூசி' என்ற வேறொரு தொடரை எடுக்கப் புறப்பட்டார். முதல் சில பருவங்களுக்கான படப்பிடிப்பு பாரமவுண்டில்தான் நடந்தது.