வல்லூறு புறாவை உயிரோட கொத்துது, விரட்டலாமான்னு கேட்டவருக்கு

விரட்டாதீங்க, கிட்டயும் போகாதீங்க. புறா இன்னும் துடிக்குதுன்னு நீங்க எழுதினதைப் படிக்கவே மனசு என்னவோ பண்ணுது, ஆனா வல்லூறு நகத்தால அழுத்திப் பிடிச்சு இறகைப் பிடுங்க ஆரம்பிச்சிருச்சுன்னா உள்காயம் ஆழமா இருக்கும், இப்ப காப்பாத்தினாலும் பெரும்பாலும் பிழைக்காது, பசியோட போற வல்லூறு இன்னொரு புறாவைப் பிடிக்கும், ஆக சாவு ரெண்டாயிடும்.

ராஜாளி (falcon) வகைங்க அலகால கழுத்தைக் கடிச்சு சட்டுனு முடிச்சிரும். வல்லூறு (hawk) காலோட பிடியிலயேதான் கொல்லும், அதான் இவ்ளோ நேரம். பார்க்க முடியலைன்னா உள்ள போயிடுங்க, அதுல தப்பே இல்ல.

தினமும் ஒரே இடத்துல தானியம் போடுறீங்கன்னு சொன்னீங்களே, வல்லூறு அங்க வர்றதுக்கு அநேகமா அதுதான் காரணம். ரெண்டு வாரம் நிறுத்திப் பாருங்க, புறாக்கூட்டம் கலைஞ்சா வல்லூறும் வேற பக்கம் போயிரும். போகலைன்னா பக்கத்து மரத்துல கூடு இருக்கான்னு தூரத்துல இருந்தே பாருங்க, குஞ்சு இருக்கிறப்போ வேட்டை ஜாஸ்தியா இருக்கும்.

ஒண்ணு மட்டும், வல்லூறு தானா விட்டுட்டுப் போய் புறா உயிரோட கிடந்தா, இல்ல பூனை கவ்வின பறவைன்னா, சும்மா விடாதீங்க. ஓட்டை போட்ட அட்டைப்பெட்டில இருட்டா வச்சு, வாயில தண்ணி ஊத்தாம, உடனே கால்நடை டாக்டர்கிட்ட கொண்டு போங்க. பூனை எச்சில்ல இருக்கிற கிருமி சின்னக் கீறல்லயே பறவையைக் கொன்னுரும்.