சொம்பி, கொத்தி, சின்னப் பிள்ளைகள்: பெற்றோர் கேள்வி பதில்

கேள்வி: பக்கத்து வீட்டு அண்ணாமார் போனில் விளையாடும் சொம்பி விளையாட்டை எங்கள் ஐந்து வயது மகன் எட்டிப் பார்த்துவிட்டு, "சொம்பி எண்டால் என்ன?" என்று விடாமல் கேட்கிறான். காட்டலாமா, மறைக்கலாமா? (ஒரு தாய், கோண்டாவில்)

பதில்: கேட்டுவிட்டான், இனி மறைத்துப் பயனில்லை. ஆனால் திரையில் தொடங்காதீர்கள். "அது படம்தானே" என்று பகலில் சொல்லும் பிள்ளைக்கு, விளக்கு அணைந்ததும் அந்தத் தைரியம் நிற்காது. முதலில் வாய்க்கதை. இன்றைய ஹெயிட்டி நாட்டில் பிரெஞ்சுக்காரரின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக வதைபட்ட ஆபிரிக்க மக்களிடையே வளர்ந்த கதை இது. அந்தச் சொம்பி (zombie) செத்தும் எழும்பி நடக்கும் உடம்பு, ஆளைக் கடிக்காது. மந்திரவாதி ஏவிய வேலையைத் தன் புத்தியில்லாமல் செய்யும். மனிதரைத் தின்னும் சொம்பி 1968இல் வந்த ஓர் அமெரிக்கப் படத்தோடு பரவியது. மகனுக்கு இவ்வளவு போதும்: "மெதுவாய் நடக்கும், மந்திரவாதி சொன்னதைச் செய்யும், கதையிலைதான் இருக்கு."

பிறகு அவன் கையாலேயே ஒரு சொம்பிப் பொம்மை செய்யட்டும். அதற்குச் சூப்பின பனங்கொட்டையை மிஞ்ச ஒன்றுமில்லை. தும்பில் களி இல்லாமல் போகும்வரை நாலைந்து தண்ணீரில் அலசி, பழைய சீப்பால் வாரி, மூன்று நாலு நாள் நல்ல வெயிலில் காயவிடுங்கள். களி மிஞ்சினால் எறும்பு மொய்க்கும், பூஞ்சணம் பிடிக்கும். முகம் வைக்கும் பக்கத்துத் தும்பை நீங்களே ஒட்ட வெட்டிக்கொடுங்கள். கண்ணுக்கு இரண்டு சட்டைத் தெறி, ஒன்று பெரிது, ஒன்று சின்னது. பெயரையும் சாப்பாட்டையும் அவனே சொல்லட்டும். "இதுக்கு எதைக் கண்டால் பயம்?" என்று மறக்காமல் கேளுங்கள். பதில் எதுவானாலும் சரி, அதன் கடிவாளம் அப்போது அவன் கைக்கு வந்துவிடும்.

முகத்தில் பூசக் கேட்டால், இரண்டு மேசைக்கரண்டி சோளமா, ஒரு மேசைக்கரண்டி பிள்ளைகளின் கிறீம், இரண்டு துளி பச்சைச் சாப்பாட்டு நிறம். தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குழையுங்கள். தண்ணீர் கூடினால் வழியும். நிறம் கூடினால் இரண்டு நாளைக்குப் போகாது. முந்தின நாளே முழங்கையின் உட்பக்கத்தில் தடவி, சிவக்கிறதா என்று பாருங்கள். கண்ணருகே பூச வேண்டாம். கண்ணாடிக்கு முன்னால் பாதி முகம்தான் முதலில். அறைக்குள் போய் வேஷம் போட்டுக்கொண்டு நீங்கள் திடீரென்று வெளியே வருவது கூடவே கூடாது. முகம் மாறினால் ஆளே மாறிவிட்டதாக நம்பும் வயது இது. கந்தசஷ்டிச் சூரன்போரிலும் அப்படித்தான். சூரனுக்குத் தலை மாறுவதை மட்டும் காட்டாமல், சூரனைத் தோளில் காவி ஆட்டுகிறவர்களையும் காட்டுங்கள்.

கேள்வி: நாலு வயது மகள் படுத்து இரண்டு மணித்தியாலத்தில் வீரிட்டு எழும்புகிறாள். கண் திறந்திருக்கும், என்னைத் தெரியாது. காலையில் ஒன்றும் நினைவில்லை. பேய்க்கதைதான் காரணமா? (பருத்தித்துறை வாசகி)

பதில்: பெரும்பாலும் இல்லை. ஆழ்ந்த நித்திரை பாதியில் கலைவதால் வருவது இது. உலுப்பி எழுப்பாதீர்கள், குழப்பம் கூடும். கட்டிலால் விழாமல் பக்கத்தில் இருங்கள், சில நிமிடங்களில் தானாக அடங்கும். நித்திரை குறைந்தாலும் காய்ச்சல் வந்தாலும் கூடும். இந்த வயதுக்குப் பகல் நித்திரையோடு 10 முதல் 13 மணித்தியாலம் வேண்டும். பேய்க்கதையால் வரும் கெட்ட கனவோ விடியப்புறம்தான் அதிகம் வரும். பிள்ளை முழித்து, கண்டதைச் சொல்லி அழும். அப்போது அணையுங்கள். கை கால் வெட்டி இழுத்தால், அல்லது ஒரே இரவில் பல தடவை வந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். நூல் கட்டுவது உங்கள் விருப்பம். ஆனால் பிள்ளை கேட்க "பேய் பிடிச்சிட்டுது" என்று கதைக்காதீர்கள்.

கேள்வி: சோறு தீத்தும்போது அம்மம்மா "கொத்தி வருது" என்று அந்தப் பேயின் பெயரைச் சொல்லி வெருட்டுகிறா. (மானிப்பாய்)

பதில்: சோறு இரண்டு வாய் கூடுதலாக இறங்கும், ஆனால் பிள்ளை இரவு கழிப்பறைக்குத் தனியே போகாது. கொத்திக் கதையை அம்மம்மா தாராளமாகச் சொல்லட்டும், சாப்பாட்டு நேரத்தில் வேண்டாம்.

கேள்வி: செத்துப்போன அப்பப்பாவின் எட்டுச்செலவுப் படையலைப் பார்த்த பேரன், "அப்பப்பாவும் சொம்பியாய் வருவாரோ?" என்று கேட்கிறான். (சாவகச்சேரி)

பதில்: சிரிக்காமல், அதட்டாமல், நேராகச் சொல்லுங்கள்: "இல்லை. செத்த உடம்பு மூச்சு விடாது, நடக்காது, அதுக்குப் பசிக்காது, நோகாது. அப்பப்பா திரும்பி வரமாட்டார். அவருக்குப் பிடிச்சதை நாங்கள் நினைச்சுப் படைக்கிறம்." "நித்திரையாயிட்டார்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், பிறகு படுக்கவே பயப்படுவான். இதே கேள்வியை நாளைக்கும் கேட்பான். அதே சொற்களில் அதே பதிலைச் சொல்லுங்கள். மேலே சொன்ன பனங்கொட்டைச் சொம்பி உங்கள் வீட்டிலும் இருந்தால், அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை அது அலுமாரிக்குள் இருக்கட்டும்.