பஸ் கைபிடியில் என்ன வளர்கிறது? நுண்ணங்கி ஆய்வு பற்றிய கேள்வி பதில்

மாணவர்களைக் கொண்டு பொது இடங்களின் மேற்பரப்புகளிலுள்ள நுண்ணங்கிகளை ஆராய்வது பற்றி மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து வந்த கேள்விகளுக்கு, பாடசாலை ஆய்வுகூடத்தில் நெடுங்காலம் பணிசெய்த ஒருவர் பதில் தருகிறார்.

களுவாஞ்சிகுடி ஆசிரியை: தரம் 10 பிள்ளைகள் பஸ், சந்தை, வாசிகசாலை என்று எல்லா இடத்திலும் பஞ்சுக் குச்சியால் தேய்த்துப் பார்க்கத் துடிக்கிறார்கள். எங்கே தொடங்குவது, சேர்?

குச்சியைக் கொடுக்க முதல் ஒரு கேள்வியை எழுதச் சொல்லுங்கள் ரீச்சர். "எங்கே கிருமி இருக்கிறது?" என்றால் எல்லா இடத்திலும்தான் இருக்கிறது. "வாசிகசாலை மேசையைச் சவர்க்காரத் தண்ணீரால் துடைத்த பிறகு எவ்வளவு குறைகிறது?" என்று கேட்டால் ஆய்வு பிறக்கும். கல்லடிப் பழைய பாலத்தின் கம்பியில் வெயில் படும் பக்கத்தையும் நிழற்பக்கத்தையும் ஒப்பிடுவதும் நல்ல கேள்வி.

ஒப்பிடும்போது மற்றதெல்லாம் ஒன்றாக இருக்கவேண்டும். மட்டையில் 5 சென்ரிமீற்றர் சதுரம் வெட்டி, அதற்குள் மட்டும், ஒரே எண்ணிக்கைத் தடவை தேய்க்கட்டும். பிறகு குச்சியை, நுண்ணங்கி வளர்வதற்கான களி (இதுதான் ஊடகம்) ஊற்றி மூடிய கிண்ணத்தில் தடவவேண்டும். கூடவே இரண்டு கிண்ணங்களை ஒருபோதும் தவறவிடாதீர்கள்: திறக்காமலே வைத்த ஒன்று, எதையும் தொடாத ஈரக் குச்சியைத் தடவிய ஒன்று. அவற்றிலும் ஏதாவது முளைத்தால் கோளாறு உங்கள் ஊடகத்திலோ குச்சியிலோதான். மேசையைக் குற்றம் சொல்ல முடியாது. இப்படி ஒப்பிட்டுப் பார்க்கும் கட்டுப்பாட்டுக் கிண்ணம் இல்லாத ஆய்வுக்கு நான் புள்ளி போடமாட்டேன்.

காத்தான்குடி மாணவி: எங்கள் ஸ்கூலில் ஊடகத்தை உறையவைக்கும் ஏகர் தூள் இல்லை. கடற்பாசி பாவிக்கலாமா?

தாராளமாக, மகள். நோன்பு காலத்தில் வீட்டில் காய்ச்சும் அதே கடற்பாசிதான் ஏகர். 1881 அளவில் ஜேர்மனியில் நுண்ணங்கி ஆய்வாளர் ரொபேர்ட் கோக்கின் ஆய்வுகூடத்துக்கு அதைக் கொண்டுசேர்த்தது ஃபனி ஹெஸ்ஸ என்ற பெண்ணின் யோசனை. சமையலில் அதைப் பாவித்துப் பழகியவர் அவர். அதுவரை ஜெலற்றினில்தான் வளர்த்தார்கள். வெக்கையில் அது இளகிவிடும்; மட்டக்களப்பு வெயிலில் சொல்லவே வேண்டாம். ஏகர் உருக 85 பாகை செல்சியஸ் அளவு வேண்டும், ஆறி 40 பாகைக்குக் கிட்ட வந்தால்தான் உறையும்.

500 மில்லிலீற்றர் தண்ணீருக்கு 8 கிராம் கடற்பாசி, ஒரு சூப் கட்டி, இரண்டு தேக்கரண்டி சீனி. நார்க் கடற்பாசி என்றால் சற்றுக் கூடத் தேவைப்படலாம், கொஞ்சம் காய்ச்சி உறைகிறதா என்று பாருங்கள். போத்தலில் ஊற்றி, மூடியைத் தளர்த்தி, பிரஷர் குக்கரில் 20 நிமிடம் அவிக்கவேண்டும். போத்தலைக் கையால் பிடிக்கக்கூடிய சூட்டுக்கு வந்ததும் கிண்ணங்களில் ஊற்றுங்கள். குக்கர் வேலையை ஆசிரியர் பக்கத்தில் நிற்கும்போதே செய்யவேண்டும்.

அக்கரைப்பற்றுத் தாய்: என்ட மகன் இதெல்லாம் தொட்டு வருத்தம் வந்தால்?

உங்கள் பயம் நியாயமானது அம்மா. கைபிடியில் சில நூறாக இருந்தது கிண்ணத்தில் கோடிக்கணக்காகப் பெருகிவிடும், அவற்றில் எது தீங்கானது என்று பார்வையால் சொல்லமுடியாது. அதனால் தடவி முடிந்ததும் மூடியை இரண்டு இடத்தில் ரேப் ஒட்டிப் பூட்டுகிறோம். பிறகு எவரும் அதைத் திறப்பதில்லை, ஆசிரியரும்கூட. சுற்றிவர முழுதாக ஒட்டுவதுமில்லை. காற்றில்லாமல் போனால் காற்றில்லாத இடத்தை விரும்பும் வகைகள் வளர்ந்துவிடும். 37 பாகை மனித உடம்பின் சூடு, அதில் நம்மைத் தாக்கக்கூடியவை செழிக்கும். ஆகவே குளிர்ச்சியான மூலையில், 30 பாகைக்கு மேற்போகாமல், இரண்டு மூன்று நாள் வைத்தால் போதும். மலசலகூடம், எச்சில், புண், இறைச்சி வெட்டும் பலகை இவற்றை மாணவர் தொடவே கூடாது. முடிந்ததும் மூடியபடியே பையிலிட்டுக் குக்கரில் அவித்துத்தான் எறியவேண்டும். அந்தக் குக்கர் திரும்பச் சமையலறைக்குப் போகக்கூடாது.

வாழைச்சேனை மாணவன்: வைரசு வளருமா?

வளராது தம்பி. அதற்கு உயிருள்ள கலம் வேண்டும். கிண்ணத்தில் தெரிபவை பற்றீரியாவும் பங்கசும்தான்.

கல்முனை ஆசிரியர்: ஒரு கடையின் கதவில் எடுத்த மாதிரியில் கொலனிகள் (கிண்ணத்தில் கண்ணுக்குத் தெரியும் நுண்ணங்கிக் கூட்டங்கள்) நிறைய வந்தன. "அசுத்தமான கடை" என்று சுவரொட்டி போடப் பிள்ளைகள் கேட்கிறார்கள்.

தயவுசெய்து விடாதீர்கள் சேர். கொலனி கூடினால் ஆபத்துக் கூடியது என்று அர்த்தமில்லை. பெரும்பாலானவை நம் தோலிலும் மண்ணிலும் சாதாரணமாக வாழ்பவை. நிறத்தைப் பார்த்து இனத்தின் பெயரும் சொல்லமுடியாது. கதவில் கூட வந்ததற்கு, ஆட்கள் கூட வந்து போனதே காரணமாக இருக்கலாம். ஒரு மனிதரின் பிழைப்பு அதில் இருக்கிறது. அனுமதி கேட்டே மாதிரி எடுங்கள், இடத்தை "கதவு அ", "கதவு ஆ" என்று எழுதுங்கள்.

ஆரையம்பதி மாணவி: பித்தளையில் கிருமி தங்காதாமே, உண்மையா?

உண்மை இருக்கிறது. செம்பிலிருந்து வெளிவரும் அயன்கள் (மின்னேற்றம் கொண்ட நுண்துணிக்கைகள்) பற்றீரியாவின் மென்சவ்வைச் சிதைக்கின்றன, பித்தளையிலும் செம்புதானே கூட. அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் 2008இல் செம்புக் கலப்புலோகங்களைப் பற்றீரியாக் கொல்லியாகப் பதிவுசெய்தது. ஆனால் தொட்ட உடனே நடப்பதல்ல, நேரம் எடுக்கும். எண்ணெய் படிந்திருந்தால் இன்னும் மெதுவாகும். நீங்களே பாருங்கள்: ஒரு பித்தளைத் தட்டு, ஒரு எவர்சில்வர் தட்டு. இரண்டையும் ஒரே கையால் தொட்டு, உடனே ஒரு மாதிரி, இரண்டு மணித்தியாலம் கழித்து இன்னொரு மாதிரி. ஒவ்வொன்றுக்கும் மூன்று கிண்ணம் வையுங்கள். பித்தளையைப் புளி போட்டு மினுக்கினால் எவர்சில்வரையும் அதே புளியால் தேய்த்து, இரண்டையும் நன்றாகக் கழுவி உலர்த்துங்கள். இல்லாவிட்டால் கொன்றது செம்பா புளியா என்று தெரியாமல் போய்விடும்.