ஒளியை முந்துகிறதா ஜெட்? ரேடியோ வானியல் கேள்வி பதில்

நடுவில் பெரிய கருந்துளை இருந்து வாயுவை விழுங்கிக்கொண்டிருக்கும் செயல்மிகு விண்மீன் திரள்களிலிருந்து கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் பீறிடும் துகள் தாரைகளான ஜெட்களைப் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் எழுதுகிறேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (பள்ளி ஆசிரியர்): மேடம், கருந்துளையிலிருந்து ஒளிகூடத் தப்பாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அப்புறம் ஜெட் மட்டும் எப்படி வெளியே வருகிறது?

பதில்: நீங்கள் சொல்லிக்கொடுப்பது சரிதான் சார். ஜெட் கருந்துளைக்கு உள்ளேயிருந்து வருவதில்லை, ஒளிகூடத் திரும்ப முடியாத அதன் எல்லைக்கு வெளியிலிருந்தே கிளம்புகிறது. உள்ளே விழும் வாயு தட்டுபோலச் சுழன்றுகொண்டே வரும்போது காந்தப்புலத்தையும் கூடவே இழுத்து வருகிறது. கருந்துளையும் சுழல்வதால் அந்தக் காந்தக் கோடுகள் கயிறு திரிப்பதுபோல் முறுக்கேறி, அச்சின் இரு முனைகள் வழியாகவும் ஆற்றலை வெளியே தள்ளுகின்றன. சுழற்சி ஆற்றலை இப்படிக் கறக்க முடியும் என்று 1977ல் பிளாண்ட்ஃபோர்ட், ஸ்நாயெக் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். இன்றும் ஆய்வாளர்கள் பெரும்பாலும் இந்த விளக்கத்தையே நம்பியிருக்கிறார்கள்.

கேள்வி (இன்ஜினியரிங் மாணவர்): அக்கா, 3சி 279 என்ற குவேசாரின் (வெகுதொலைவில் மிகப் பிரகாசமாக ஒளிரும் விண்மீன் திரள் நடு) ஜெட்டில் குமிழ்கள் ஒளியைவிட வேகமாக நகர்வதாகப் படித்தேன். ஐன்ஸ்டைன் சொன்னது தப்பா?

பதில்: தப்பில்லை தம்பி. எனக்கு ரொம்பப் பிடித்த கணக்கு இது. முதன்முதலில் காகிதத்தில் போட்டுப் பார்த்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை, நீங்களும் போட்டுப் பாருங்கள்.

ஒரு குமிழ் ஒளியின் வேகத்தில் 98 சதவீத வேகத்தோடு, ஏறக்குறைய நம்மை நோக்கி வருகிறது. 10 ஆண்டில் அது நம் பக்கமாக 9.6 ஒளியாண்டும் பக்கவாட்டில் 2 ஒளியாண்டும் நகர்கிறது. கிளம்பும்போது அது அனுப்பிய ஒளி அதே 10 ஆண்டில் 10 ஒளியாண்டு வந்திருக்கும். குமிழோ 9.6 ஒளியாண்டு வந்து, அந்த ஒளியின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அங்கிருந்து அது அனுப்பும் இரண்டாவது ஒளி, முதல் ஒளிக்கு 0.4 ஆண்டுதான் பின்தங்கும். ஆக, 10 ஆண்டில் நடந்ததை நாம் ஐந்தே மாதத்தில் பார்த்து முடித்துவிடுகிறோம். வானத்தில் நமக்குத் தெரிவது பக்கவாட்டு நகர்வு மட்டும். 2 ஒளியாண்டை 0.4 ஆண்டால் வகுத்தால் ஒளியைப்போல் 5 மடங்கு! எந்தப் பொருளும் ஒளியை முந்தவில்லை; செய்திகள்தான் நெருக்கி வந்து சேர்ந்தன.

இப்படித் தெரியும் என்று வானியலாளர் மார்ட்டின் ரீஸ் 1966லேயே எழுதிவிட்டார். தொலைவில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கிகளை இணைத்து, 1971ல் 3சி 279லேயே அதைக் கண்டார்கள். கணிப்பு முன்னே, கண்டது பின்னே.

கேள்வி (பலர்): எம்87 விண்மீன் திரளின் படங்களில் ஜெட் ஏன் ஒரு பக்கம் மட்டும் இருக்கிறது?

பதில்: இரண்டு பக்கமும் இருக்கிறது. நம்மை நோக்கி வரும் ஜெட்டின் ஒளி முன்பக்கமாகக் குவிகிறது, விலகிப் போவதன் ஒளி நமக்கு எதிர்ப்பக்கமாகக் குவிகிறது. மேலே போட்ட கணக்கில் இரண்டின் பிரகாசமும் ஆயிரக்கணக்கான மடங்கு வேறுபடும். எம்87ன் ஜெட் நம் பார்வைக் கோட்டிலிருந்து ஏறக்குறைய 17 பாகைதான் சாய்ந்திருக்கிறது. அதனால் எதிர் ஜெட் மிக மங்கலாகத்தான் கிடைக்கிறது. சிக்னஸ் ஏ என்ற விண்மீன் திரளின் ஜெட் நமக்குக் குறுக்காகக் கிடப்பதால் அங்கே இரு பக்கமும் ரேடியோ மேகங்கள் நன்றாகத் தெரியும். அது இரட்டை வடிவம் என்று 1953ல் கண்டுபிடித்தவர்கள் ஜெனிசனும் வங்காளத்தைச் சேர்ந்த மிருணாள் குமார் தாஸ்குப்தாவும். நம் பாடப்புத்தகங்களில் அவர் பெயர் கட்டாயம் இருக்க வேண்டும்.

கேள்வி: ஒரு ஜெட் நேராக நம்மைப் பார்த்து இருந்தால் ஆபத்தா?

பதில்: பல ஜெட்கள் அப்படித்தான் இருக்கின்றன, பிளேசார் என்பது அவற்றின் பெயர். 3சி 279 அவற்றில் ஒன்று, 500 கோடி ஒளியாண்டுக்கு அப்பால். பயப்பட ஒன்றுமில்லை.

கேள்வி (ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர்): அம்மா, எம்87ன் ஜெட்டை 1918லேயே வானியலாளர் கர்ட்டிஸ் சாதாரணத் தொலைநோக்கியில் பார்த்துவிட்டாரே. ரேடியோ எதற்கு?

பதில்: அவர் பார்த்தது ஆயிரக்கணக்கான ஒளியாண்டு நீளமுள்ள கோடு ஐயா. அது பிறக்கும் இடம் அவருக்குத் தெரியவில்லை. ஜெட்டில் எலெக்ட்ரான்கள் காந்தக் கோடுகளைச் சுற்றிச் சுழன்று ரேடியோ அலைகளை அள்ளி வீசுகின்றன. ரேடியோவில் இன்னொரு வசதியும் உண்டு: கண்டம் விட்டுக் கண்டம் இருக்கும் தொலைநோக்கிகள் அணுக் கடிகாரம் வைத்துத் தனித்தனியாகப் பதிவு செய்யலாம், வன்தட்டுகளை ஓரிடத்துக்கு அனுப்பிப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். கிடைப்பது பூமி அளவு தொலைநோக்கியின் கூர்மை. 2017ல் 1.3 மில்லிமீட்டர் அலைநீளத்தில் எம்87ன் நடுவை அப்படித்தான் படமெடுத்தார்கள். அதில் கருந்துளையைச் சுற்றித் தெரிந்த ஒளி வளையத்தின் அகலம் 42 மைக்ரோ ஆர்க்செகண்ட் (வானில் கோணத்தை அளக்கும் மிகச் சிறிய அலகு). நிலாவில் ஓர் ஆரஞ்சுப் பழத்தை வைத்தால் இங்கிருந்து அந்த அளவுதான் தெரியும்.

கேள்வி: 2017ல் எடுத்து 2019ல் வெளியான அந்தப் படத்தில் வளையம் இருக்கிறது, ஜெட்டைக் காணோமே அக்கா?

பதில்: நல்ல கண் உங்களுக்கு. நுண்ணிய விவரத்துக்குத் தொலைநோக்கிகள் வெகுதூரம் தள்ளி இருக்க வேண்டும். மங்கலாகப் பரந்து கிடப்பதைப் பிடிக்க நடுத்தர இடைவெளிகளும் வேண்டும். அன்று நடுத்தர இடைவெளிகள் போதவில்லை. 2018ல் 3.5 மில்லிமீட்டரில், கிரீன்லாந்து தொலைநோக்கியும் சிலியிலுள்ள ஆல்மா தொலைநோக்கியும் சேர்ந்துகொள்ள, வளையமும் அதிலிருந்து கிளம்பும் ஜெட்டும் ஒரே படத்தில் விழுந்தன. 2023ல் வெளியான அந்தப் படத்தைத் தேடிப் பாருங்கள். அதே ஆண்டு இன்னொரு செய்தியும் வந்தது: 22 ஆண்டுப் பதிவுகளை அடுக்கிப் பார்த்தால், ஜெட்டின் அடிப்பகுதி சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை பம்பரத்தின் தலைபோல ஆடி வருகிறது. கருந்துளை சுழல்கிறது என்பதற்கு வலுவான சான்று அது.

கேள்வி (ஊட்டி வாசகர்): எங்கள் ஊட்டி முத்தோரை ரேடியோ தொலைநோக்கியால் ஜெட்டைப் பார்க்க முடியுமா மேடம்?

பதில்: படமாகப் பார்க்க முடியாது. ஆனால் அதன் கதையைக் கேளுங்கள். 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட அதை, அட்சரேகைக்குச் சமமாக 11 பாகை சரிந்த மலைச்சரிவில் அமைத்தார் இந்திய ரேடியோ வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப். அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக வந்துவிட்டது, ஒரே பக்கமாகச் சுழற்றினால் போதும், வானில் ரேடியோ அலை வீசும் ஒரு மூலத்தை மணிக்கணக்கில் பின்தொடரலாம். 1970லிருந்து, நிலா ஒரு ரேடியோ மூலத்தை மறைக்கும் நொடிகளைப் பதிவு செய்து அதன் இடத்தையும் அளவையும் கணக்கிட்டார்கள்.

படம் வேண்டுமானால் புனே அருகே ஜிஎம்ஆர்டி என்ற ரேடியோ தொலைநோக்கித் தொகுப்பு இருக்கிறது: 45 மீட்டர் அகலத்தில் 30 கிண்ணங்கள், 25 கிலோமீட்டர் பரப்பில். வயதான எலெக்ட்ரான்கள் ஆற்றல் இழந்து குறைந்த அதிர்வெண்ணில்தான் ஒளிரும். ஜிஎம்ஆர்டிக்குக் கைவந்த அலைவரிசை அது, அதனால் பழைய ஜெட்களின் மிச்சங்களை நன்றாகப் பிடிக்கும். 2024ல் ஐரோப்பாவின் லோஃபார் தொலைநோக்கி, முனைக்கு முனை 2 கோடியே 30 லட்சம் ஒளியாண்டு நீளமுள்ள ஜெட் இணையை அறிவித்தது. போர்ஃபிரியான் என்று பெயரிட்டார்கள். எந்த விண்மீன் திரள் அதைப் பீறிட்டது என்று தேடியபோது உதவியவற்றில் ஜிஎம்ஆர்டியும் ஒன்று.