ஒன்ராறியோ தேர்தலில் கடன் ஏன் எடுபடுவதில்லை?

கேள்வி: கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தின் கடன் 400 பில்லியன் டொலரைத் தாண்டிவிட்டது. ஆனால் தேர்தல் வந்தால் கட்சிகள் சப்வே (சுரங்க ரயில்) பற்றித்தான் பேசுகின்றன. கடனைப் பற்றி யாருக்கும் கவலையே இல்லையா?

கவலை இருக்கிறது, எதிர்க்கட்சி வரிசையில் இருக்கும்வரை. 2018 தேர்தலில் அன்றைய முதல்வர் கேத்லீன் வின்னின் லிபரல் அரசை, கன்சர்வேட்டிவ் தலைவர் டக் போர்ட் தரப்பு அடித்த பெரிய அடிகளில் ஒன்று கடன்தான். அப்போது அது 300 பில்லியன் சொச்சம். லிபரல் கட்சி 7 இடங்களுக்குச் சுருங்கியது. அதன் பிறகு கடன் குறைந்ததா? இல்லை, ஏறியது. போர்ட் 2022இலும் 2025இலும் பெரும்பான்மையோடு திரும்பி வந்தார். பொருளாதாரமும் சேர்ந்து வளர்ந்ததால், மொத்த உற்பத்தியோடு ஒப்பிட்டால் கடன் விகிதம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்பதையும் நியாயத்துக்குச் சொல்ல வேண்டும். ஆனால் வட்டிக்கு மட்டும் ஆண்டுக்கு 10 பில்லியனுக்கு மேல் போகிறது.

கடனுக்குத் தொகுதி கிடையாது. சப்வே நிலையத்துக்கு உண்டு. அதுதான் வித்தியாசம்.

நான் ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் இருப்பவன், அதனால் எங்கள் ஊர்க் கதையையே சொல்கிறேன். 1985 முதல் கெனடி நிலையத்திலிருந்து ஓடிய சின்ன ரயில் பழசாகிவிட்டது. அதற்குப் பதிலாக 7 நிறுத்தங்களோடு இலகு ரயில் பாதை போடுவது, முழுச் செலவும் மாகாணத்தினுடையது என்று 2012இல் நகரத்தோடு ஒப்பந்தமே ஆகிவிட்டது. அடுத்த ஆண்டே ஸ்காபரோ கில்ட்வுட் தொகுதியில் மாகாண இடைத்தேர்தல். லிபரல் வேட்பாளர் மிட்சி ஹன்டர் சப்வேக்காகப் போராடுபவர் என்று சொல்லி வாக்குக் கேட்டார், வென்றார். அதோடு ரொறன்ரோ நகரசபை இலகு ரயிலைக் கைவிட்டு 3 நிறுத்த சப்வேக்கு மாறியது, சொத்து வரியிலும் அதற்கென்று ஒரு கூடுதல் வரி ஏறியது. 2016இல் 3 நிறுத்தம் ஒன்றானது. 2019இல் போர்ட் அரசு அதை மறுபடி மூன்றாக்கி, 5.5 பில்லியன் டொலர் என்று மதிப்புப் போட்டது. இதற்கிடையில், 2023 ஜூலையில் பழைய ரயில் தடம் புரண்டு, அப்படியே நிரந்தரமாக மூடப்பட்டது. இப்போது அந்தத் தூரத்துக்குப் பஸ்தான். சப்வே 2030 வாக்கில் வருமாம்.

இதில் கடன் எங்கே ஏறியது என்று பாருங்கள். ரயில் போட்டதால் மட்டும் அல்ல, வரைபடத்தை ஒவ்வொரு தேர்தலுக்கும் மாற்றி வரைந்ததாலும்தான். இது போர்ட்டோடு தொடங்கிய பழக்கமும் இல்லை. ரொறன்ரோவின் எக்ளின்டன் தெருவின் மேற்கில் தோண்டத் தொடங்கியிருந்த சப்வேயை 1995இல் மைக் ஹாரிஸின் கன்சர்வேட்டிவ் மாகாண அரசு நிறுத்தி, குழியை மூடியது. காரணம்? பற்றாக்குறையைக் குறைக்கிறோம் என்றார்கள். பின்னர் அதே எக்ளின்டனில் 2011இல் மறுபடி தோண்டினார்கள். 2020இல் ஓட வேண்டிய ரயில் அது. 2020 வந்து போனது, ரயில் 2026இல்தான் வந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. ரயில் பாதைக்குச் செலவாகும் பணம் அந்த ஆண்டின் பற்றாக்குறையில் முழுதாகக் காட்டப்படுவதில்லை. பாதையின் ஆயுட்காலம் முழுவதற்கும் பிரித்துத்தான் கணக்கில் வரும். ஆனால் வாங்கிய கடன் உடனே மொத்தக் கடனில் சேர்ந்துவிடும். அதனால்தான் 2017 வரவுசெலவுத் திட்டத்தில் லிபரல்கள் ‘துண்டு விழவில்லை’ என்று சொன்ன ஆண்டிலும் கடன் கூடிக்கொண்டே போனது. இது ஏமாற்று இல்லை, முறையான கணக்குத்தான். ஆனால் மேடையில் யாரும் இதை விளக்க மாட்டார்கள்.

எனக்கு ரயிலுக்காகப் பட்ட கடன் பெரிய பயம் தரவில்லை. வீட்டுக்கு மோட்கேஜ் எடுப்பதும் சாமத்திய வீட்டுக்குக் கிரெடிட் கார்டைத் தேய்ப்பதும் ஒன்றல்லவே. போர்ட் அரசு 2022 தேர்தலுக்கு முன் வாகன ஸ்டிக்கர் (இலக்கத் தகட்டைப் புதுப்பிக்கும்) கட்டணத்தை நீக்கியது. அதனால் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு பில்லியன் வருமானம் போனது. 2025 தேர்தலுக்கு முன் ஆளுக்கு 200 டொலர் காசோலை, அதற்குச் சுமார் 3 பில்லியன். கடன்பட்ட மாகாணம் காசோலை அனுப்புகிறது! வாங்கியவர்கள் யாரும் திருப்பி அனுப்பியதாக நான் கேள்விப்படவில்லை, நான் உட்பட.

உண்மையில் கவலைப்பட வேண்டியது ரயிலையும் பஸ்ஸையும் அன்றாடம் ஓட்டும் செலவு. 1990களின் பிற்பகுதியில் ஹாரிஸ் அரசு ரி.ரி.சி.யின் (ரொறன்ரோ நகரப் போக்குவரத்து நிறுவனத்தின்) அன்றாட இயக்கச் செலவுக்கான மானியத்தை வெட்டியதிலிருந்து அந்தச் சுமை பெரும்பாலும் டிக்கெட் காசிலும் நகரத்தின் சொத்து வரியிலும்தான் விழுகிறது. ரிப்பன் வெட்ட மாகாணம் வரும், சாரதிக்குச் சம்பளம் நகரம் கொடுக்கும். 2023 இறுதியில் மேயர் ஒலிவியா சௌவும் போர்ட்டும் செய்த உடன்பாட்டில், எக்ளின்டன், ஃபின்ச் மேற்கு என்ற இரண்டு புதிய இலகு ரயில் பாதைகளை ஓட்ட மாகாணம் 330 மில்லியன் தருவதாக ஒத்துக்கொண்டது. அது 3 ஆண்டுகளுக்கு மட்டும். நாலாம் ஆண்டு யார் தருவார்கள் என்பது 2025இல் என் வீட்டுக்கு வந்த எந்தக் கட்சித் துண்டறிக்கையிலும் இல்லை.